வண்டு வருமுன் வேப்பெண்ணெய்: வீட்டில் வைக்கும் பயறுக்கும் நெல்லுக்கும் தாவரக் காப்பு

கூடலூர் மானாவாரிக் காட்டில் தட்டைப்பயறும் மொச்சையும் காய்ந்து வீடு வந்து சேர்வது தை, மாசியில். அதே பயறை மறுபடி மண்ணில் போடுவது ஆவணி, புரட்டாசி மழையில். இடையில் ஆறேழு மாதம் அது வீட்டில் கிடக்க வேண்டும். சித்திரை வெயிலைத் தாண்ட வேண்டும். அதைவிடக் கடினமாக, ஆனி ஆடியில் குமுளி மலையிலிருந்து இறங்கும் சாரலையும் தாண்ட வேண்டும். சாரல் காற்றில் வீட்டுக்குள் எல்லாமே ஈரம் வாங்கும், பயறும் வாங்கும். விதைக்க எடுக்கும் நாளில் பானையைக் கவிழ்த்தால் பாதி ஓட்டை, மீதி மாவு என்று ஆகிவிடுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

நெல்லின் கதை கொஞ்சம் வேறு. லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் அறுக்கும் நெல்லில் பெரும்பகுதி களத்திலேயே விலைபோய்விடுகிறது, அல்லது நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வீட்டில் தங்குவது சாப்பாட்டுக்கான சில மூட்டைகளும், சொந்த விதை வைப்பவர்களின் விதைநெல்லும்தான். அதனால் இந்த அத்தியாயத்தில் பயறுக்கே அதிக இடம். பூச்சியும் பயறைத்தான் முதலில் தேடுகிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். வேம்பு, வசம்பு, நொச்சி, புங்கம் எல்லாமே காவல் மட்டும்தான். மணிக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை இலையோ எண்ணெயோ எட்டிப் பிடிப்பது அரிது. வண்டு பறப்பதைப் பார்த்த பிறகு வேப்பிலை பறிக்கப் போகிறவர்கள்தான் "நாட்டு மருந்து கேட்காது" என்று சொல்பவர்கள். மருந்தில் குறையில்லை, போட்ட நாள்தான் பிந்திவிட்டது.

எந்தப் பூச்சி, எங்கே முட்டையிடுகிறது?

பயறு வண்டு வீட்டில் பிறப்பதில்லை, காட்டிலிருந்தே வருகிறது. நெற்று முற்றிக் காயும்போதே பெண் வண்டு அதன்மேல் முட்டையிடும். அடித்துத் தூற்றிய பயறோடு மூட்டைக்குள் வரும் வண்டு, பிறகு மணியின் தோல்மீதே முட்டையை ஒட்டவைக்கிறது. வெள்ளைப் புள்ளி போன்ற அந்த முட்டையை நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்க்கலாம். புதிய முட்டை கண்ணாடிபோல் மங்கலாக இருக்கும். பொரித்த முட்டை பால்வெள்ளையாகிவிடும், ஏனென்றால் உள்ளே இறங்கும் புழு தான் அரைத்துத் தள்ளிய தூளால் முட்டை ஓட்டை நிரப்பிவிடுகிறது. ஆகவே பால்வெள்ளைப் புள்ளி தெரிந்தால் புழு மணிக்குள் போய்விட்டது என்று பொருள். பிறகு அது அங்கேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டமாக மூடியைத் திறந்துகொண்டு வெளியே வரும். நம் வெக்கையில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் வண்டு 80 முட்டை இடுகிறது, அதில் பாதி பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி அடுத்த மாதம் 20 ஜோடி. அதற்கடுத்த மாதம் 400. மூன்றாம் மாதம் 8,000 ஜோடி. மாசியில் கண்ணுக்குத் தப்பிய ஒரே ஒரு ஜோடி வைகாசிக்குள் என்ன செய்யும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இன்னொரு செய்தியும் முக்கியம். வளர்ந்த பயறு வண்டுக்கு மூட்டைக்குள் இரை தேவையில்லை. ஒன்றும் தின்னாமலே இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு வாரத்தில் செத்துப்போகும். தின்பதெல்லாம் மணிக்குள் இருக்கும் புழுதான்.

நெல்லைத் தாக்குவது அந்துப்பூச்சி. வைக்கோல் நிறத்தில் சின்னதாகப் பறக்கும். இதுவும் வயலிலேயே தொற்றும், ஆனால் குவியலின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போகாது. தானியத் துளைப்பான் வண்டு உமியைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. கூன்வண்டு, அதாவது மூக்கு நீண்ட அரிசி வண்டு, உமி உடையாத நெல்லில் திணறும், அரிசியில் கொண்டாடும். சாப்பாட்டு நெல்லை மொத்தமாக அரைத்து வைக்காமல் நெல்லாகவே வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்வது எந்த மூலிகையையும் விடப் பெரிய காப்பு.

வேம்பு வயலில் ஒரு மாதிரி, மூட்டையில் ஒரு மாதிரி

1962-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வடஇந்தியாவுக்குள் புகுந்தபோது, டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேப்பம்பருப்பைக் கரைத்துப் பயிரில் தெளித்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளி செடிமேல் உட்கார்ந்தது, தின்னவில்லை. 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பூச்சியைத் தின்னவிடாமல் தடுப்பதும், தின்ற புழுவைத் தோலுரித்து வளரவிடாமல் செய்வதும் அதன் வேலை.

வேம்பின் பெருமையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தின்னவே தின்னாத பயறு வண்டுக்கு முன்னால் தின்னவிடாத மருந்து என்ன செய்யும்? பயறில் வேம்பு வேலை செய்வது வேறு வழியில். எண்ணெய் மணியைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிகிறது. முட்டை வழுக்குகிறது, சரியாக ஒட்டுவதில்லை. ஒட்டிய முட்டையையும் எண்ணெய் மூடி மூச்சடைக்க வைக்கிறது. வேப்பெண்ணெயின் நெடி வண்டை முட்டையிட விடாமல் விரட்டவும் செய்கிறது. அதனால்தான் பயறுக்குக் கரைசலைவிட எண்ணெய் மேல். மணிமேல் தண்ணீர்க் கரைசல் எதையும் தெளிக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரும்பாடுபட்டுக் காயவைத்த பயறுக்கு ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும், வண்டுக்கு முன் பூஞ்சணம் பிடிக்கும். கரைசல் என்றால் அது சாக்குக்கு மட்டும்.

காயவைப்பது

பயறு 9, 10 சதவீத ஈரத்துக்கும், நெல் 12, 13 சதவீதத்துக்கும் இறங்க வேண்டும். பயறைப் பல்லிடையில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், பல் பதியக் கூடாது. நெல்லுக்கு ஓர் உப்புச் சோதனை இருக்கிறது. வாணலியில் சூடாக்கி நன்றாக உலர்த்திய தூளுப்பைக் கொஞ்சம் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஒரு கை நெல்லையும் போட்டு, மூடிக் குலுக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு புட்டிச் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், அந்த நெல் மூட்டை கட்டத் தகுதியில்லாதது. ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு வெயில் காட்டுவது நல்லது. முதல்போக அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் ஆண்டுகளில் இந்தச் சோதனை மிகவும் கைகொடுக்கும்.

பயறுக்கு வெயில் உலர்த்தி மட்டுமல்ல, மருந்தும்தான். மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்ல வீட்டில் நமக்கு இருக்கும் எளிய வழி அது ஒன்றே. கருப்பு பிளாஸ்டிக் தாளை விரித்து, பயறை ஒரு மணி, இரண்டு மணி கனத்துக்கு மட்டும் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் தாளைப் போர்த்தி, நான்கு ஓரத்திலும் கல் வைத்து உச்சி வெயிலில் விடுங்கள். உள்ளே 57 டிகிரி வெப்பம் ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும் என்று ஆப்பிரிக்கத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காகச் செய்த ஆய்வுகள் காட்டின. தரைக்கும் தாளுக்கும் நடுவே பழைய சாக்கையோ வைக்கோலையோ பரப்பினால் சூடு மண்ணுக்கு இறங்காது. மாசி பங்குனி வெயில் இதற்குப் போதும். முதலில் சாதாரணமாகக் காய்ந்த பயறைத்தான் இப்படி மூட வேண்டும். ஈரப் பயறை மூடினால் வெந்து முளைப்பு போய்விடும்.

பிறகு ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டிய மூட்டை உள்ளே வியர்க்கும். ஆறிய பயறைச் சுளகில் புடைத்து, உடைந்ததையும் ஓட்டை விழுந்ததையும் நீக்கிவிட்டு, அன்றைக்கே அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். திறந்த களத்தில் இரவு கிடந்தால் புது வண்டு வந்து உட்காரும்.

விதைப்பயறுக்கு வேப்பெண்ணெய்

அளவு கிலோவுக்கு 10 மில்லி. 10 கிலோ தட்டைப்பயறுக்கு 100 மில்லி, 100 கிலோவுக்கு ஒரு லிட்டர். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்லும் அளவுதான். எண்ணெயை மொத்தப் பயறின்மேல் ஊற்றினால் ஓரிடத்தில் குழைந்து, மற்ற இடம் வறண்டு நிற்கும். முதலில் இரண்டு கை பயறை ஒரு பாத்திரத்தில் எடுத்து முழு எண்ணெயையும் அதில் பிசறுங்கள். அந்தப் பயறைத் தார்ப்பாயில் பரப்பிய மற்ற பயறோடு கலந்து, பத்து நிமிடமாவது கையால் புரட்டித் தேயுங்கள். எல்லா மணியும் ஒரே மாதிரி மினுங்க வேண்டும். மினுங்காத மணியில் வண்டு முட்டையிடும், சந்தேகமே வேண்டாம். அரை மணி நேரம் நிழலில் விட்டுப் பானையிலோ டின்னிலோ போடுங்கள். மண்பானை என்றால் பயறுக்கு மேல் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சலித்துக் காயவைத்த ஆற்று மணலைப் பரப்பலாம். வெளியிலிருந்து வரும் வண்டு மணலைத் தாண்டி இறங்காது, உள்ளே பிறந்த வண்டும் மேலேறி வராது. நம் பாட்டிகளின் இந்த வழக்கத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எண்ணெய் தரமானதாக இருக்க வேண்டும். செக்கில் ஆட்டியது கிடைத்தால் அதுவே வாங்குங்கள். கசப்பும் கார நெடியும் இல்லாத வேப்பெண்ணெயால் பயனில்லை. எண்ணெய்க்குப் பதில் வேப்பம்பருப்புத் தூளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலக்கலாம், ஆனால் தூள் எல்லா மணியிலும் ஒட்டுவது அரிது. அடுப்புச் சாம்பல் கலப்பதும் பழைய வழிதான். நன்றாகச் சலித்த சாம்பலின் நுண்தூள் வண்டின் மேல்தோலில் உள்ள மெழுகைச் சுரண்டிவிட, அது ஈரம் இழந்து சாகிறது. ஒரு படி பயறுக்கு ஒரு படிக்குக் குறையாமல் சாம்பல் வேண்டும் என்பதால் சிறிய அளவு விதைக்குத்தான் அது ஒத்துவரும்.

ஒரு எச்சரிக்கை. வேப்பெண்ணெய் குழந்தைகள் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. புட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். எண்ணெய் பூசிய பானையில் 'விதை' என்று பெரிதாக எழுதுங்கள்.

சாப்பாட்டுப் பயறுக்கு

இங்கே வேம்பு வேண்டாம். கசப்பு கழுவினாலும் முழுதாகப் போகாது. கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ பிசறி வைத்தால் போதும், முட்டையை மூடும் வேலையை எந்த எண்ணெயும் செய்யும். நாள்பட்டால் சிக்கு நெடி வரும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் இப்படி வையுங்கள். உளுந்து, துவரை, பாசிப்பயறு என்றால் உடைத்துப் பருப்பாக்கி வைப்பதே எளிது. முழுமணியைத் தேடும் பயறு வண்டு, தோல் நீங்கிய பருப்பில் தழைப்பதில்லை.

இதைவிடவும் நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதில் செடியே கிடையாது. காற்றுப் புகாத கலன். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் 1980-களின் இறுதியில் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு விவசாயிகளோடு சேர்ந்து மூன்றடுக்குப் பை ஒன்றை உருவாக்கினார்கள். உள்ளே இரண்டு கனமான பிளாஸ்டிக் பை, வெளியே பின்னல் சாக்கு. உள்ளிருக்கும் காற்றைப் பூச்சியே மூச்சுவிட்டுத் தீர்த்துவிட்டு, வளர முடியாமல் அடங்கிப்போகும். நம் வீட்டில் இறுக்கமான மூடி உள்ள டிரம்மை வாய்வரை நிரப்பி மூடினால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும். பாதி டிரம் பயறும் பாதி டிரம் காற்றுமாக வைத்தால் பலன் இல்லை, தினமும் திறந்து அள்ளினாலும் இல்லை. மாத உபயோகத்துக்குச் சிறிய டின் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூலிகைப் புத்தகத்தில் பிளாஸ்டிக் டிரம்மைப் பரிந்துரைப்பது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சாப்பாட்டுத் தானியத்துக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

நெல்லுக்கும் சாக்குக்கும்

பழைய சாக்கில்தான் பாதி வினை இருக்கிறது. தையலிலும் மூலையிலும் போன வருட வண்டு உட்கார்ந்திருக்கும். சாக்கை உள்வெளியாகத் திருப்பி உதறி, கொதிநீரில் முக்கி வெயிலில் காயவையுங்கள். அதன் பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல்.

ஒரு கிலோ வேப்பம்பருப்பை உரலில் எண்ணெய் கக்காத அளவுக்கு இலேசாக இடியுங்கள். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் தண்ணீர் பால்போல் வரும்வரை மூட்டையைப் பிழியுங்கள். வடிகட்டிய கரைசலில் சாக்கை அரை மணி நேரம் நனைத்து நிழலில் உலர்த்துங்கள். நிழலில் என்பதைக் கவனியுங்கள். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும். கரைசலை அன்றன்றே பயன்படுத்த வேண்டும், வைத்தால் கெடும்.

கொட்டை சேகரிப்பதற்கும் காலம் உண்டு. வேப்பம்பழம் உதிர்வது ஆனி, ஆடியில். பொறுக்கிச் சதை நீக்கி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமான சாக்கிலோ கூடையிலோ வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம்வரை வயதான கொட்டையில்தான் சாரம் நன்றாக இருக்கும். ஆடியில் பொறுக்கியது தை அறுவடைக்கு ஆறு மாதம் முதிர்ந்திருக்கும். நம் ஊர்ப் பருவம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. பயறு வந்த பிறகு தேடினால் கடையில் கிடைக்கும் பழைய கொட்டைதான் மிஞ்சும்.

நெல் மூட்டையை அடுக்கும் முன் தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். குலுக்கையிலோ பத்தாயத்திலோ கொட்டுபவர்கள் அடியிலும், இரண்டடிக்கு ஒரு முறையும், முக்கியமாக மேல்மட்டத்திலும் காய்ந்த நொச்சி இலையையோ புங்க இலையையோ பரப்பலாம். அந்துப்பூச்சி மேற்பரப்பில்தான் முட்டையிடுகிறது என்பதால் மேலடுக்கு இலைதான் உண்மையில் வேலை செய்வது. பச்சை இலையைப் போடாதீர்கள், அதன் ஈரம் நெல்லுக்கு ஏறும். கையில் நொறுங்கும்வரை நிழலில் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

விதைநெல்லுக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வசம்பு மிகவும் வலுவானது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ தூள். அதில் உள்ள பீட்டா-அசரோன் வண்டை மலடாக்கக் கூடியது. ஆனால் அதே பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் 1968-இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆகவே வசம்பு விதைக்கு மட்டும். சாப்பிடும் நெல்லில், அரிசியில் கலக்காதீர்கள்.

அரிசிப் பானையில் போடும் மிளகாய் வற்றல், வேப்பிலை, பூண்டு பற்றிக் கேட்பீர்கள். சில வாரம் வண்டை ஒதுக்கிவைக்கும், அவ்வளவே. நாள்பட வைக்க அதை நம்ப வேண்டாம். அரளி, ஊமத்தை, எருக்கு, சீத்தாப்பழ விதைத் தூள் ஆகியவற்றை உணவுத் தானியத்தின் அருகில் கொண்டுவரவே கூடாது. செடி என்பதால் விஷமில்லை என்று ஆகிவிடாது. சீத்தா விதைத் தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. அரிசியில் போரிக் பவுடர் கலக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அதைவிடக் கொடியது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு மூட்டையில் வைப்பது. அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு சுவர் இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்த் தூங்குபவர்களைக் கொல்லும். அதற்கு முறிமருந்து இல்லை. அரசுக் கிடங்குகளுக்கும் உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளர்களுக்கும்தான் அதை விற்கலாம் என்று சட்டமே இருக்கிறது. யாராவது கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வைத்த பிறகு

பதினைந்து நாளுக்கு ஒரு முறை பானையின் நடுவிலிருந்து ஒரு கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நூறு மணியில் ஒன்றில் புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கே வெயிலில் கொட்டிப் பழைய வரிசையை மறுபடி தொடங்குங்கள்: வெயில், ஆற்றல், புடைத்தல், எண்ணெய். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறியை மூட்டைக்குள் செருகி வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே வண்டு அதில் விழுந்து காட்டிக்கொடுக்கும். விதை அதிகம் வைப்பவர்கள் காமாட்சிபுரம் வேளாண் அறிவியல் மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். சாரல் தொடங்கும் முன், வைகாசிக் கடைசியில், கட்டாயம் ஒரு வெயில் காட்டி, எண்ணெயை மறுபடி பாதி அளவு பிசறுங்கள். நான்கு மாதத்தில் படலம் தேய்ந்திருக்கும்.

விதைப்புக்குப் பத்து நாள் முன் முளைப்புச் சோதனை செய்யுங்கள். நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள், காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பயறை ஒரு வாரத்திலும் நெல்லை இரண்டு வாரத்துக்குள்ளும் எண்ணலாம், ஆகவே நெல்லுக்கு இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். பயறு 75, நெல் 80 முளைக்க வேண்டும், சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அதுதான். 60 முளைத்தால் விதையளவைக் கூட்டிப் போடலாம். அதற்கும் கீழே என்றால் வேறு விதை தேடுங்கள், மழை உங்களுக்காகக் காத்திருக்காது. விதைத்தது போக மிஞ்சிய எண்ணெய்ப் பயறையும் வசம்பு நெல்லையும் சமைக்கவோ கோழிக்குப் போடவோ வேண்டாம். குப்பைக்குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள்.